எந்த ஊரில் கூடுவது?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் எனக்குப் பழக்கமான கற்பூரக் கடை ஒன்று இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குக் கற்பூரக் கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே ஒரு பழைய மர பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்தால் காப்பி வரும். காப்பியோடு ஊர்ச் சமாசாரமும் வரும். இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது எழுத்தாளன் வேறு எங்கே போவான்?

சென்ற மாசி மாதம் ஒரு நாள் மாலை நான் போனபோது பெஞ்சில் எனக்கு இடமில்லை. எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம் ஒன்றின் பிரமுகர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரிசி மண்டிக்காரர், ஜவுளிக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், லாட்ஜ் முதலாளி ஆகிய நால்வரும் பெஞ்சில், கடைக்காரர் கல்லாவில். நடுவே ஒரு காகிதம். அதில் சிங்கப்பூர், துபாய், கொழும்பு, பாங்காக் என்று நான்கு ஊர்களின் பெயர்கள் எழுதியிருந்தன. சங்கத்தின் சார்பில் வெளிநாட்டில் ஒரு வர்த்தக மாநாடு நடத்துவதென்று முடிவாகி விட்டதாம். எந்த ஊரில் நடத்துவது என்பதுதான் பாக்கியாம்.

ஜவுளிக் கடைக்காரர் சிங்கப்பூர் என்றார். அவருடைய தமையனார் மகன் அங்கே வேலையாயிருக்கிறான். லாட்ஜ் முதலாளி பாங்காக் என்றார். அங்கே அறை வாடகை சல்லிசு. அரிசி மண்டிக்காரர் துபாய் என்றார். காரணம் சொல்லவில்லை, ஆனால் அவருடைய சம்சாரத்துக்கு நகை மீது பிரியம் என்பது ஊரறிந்த விஷயம். பாத்திரக் கடைக்காரர் கொழும்பு என்றார். "சாம்பார் கிடைக்கும். ராத்திரிக்குள்ளே திரும்பிக்கூட வந்துடலாம்" என்பது அவர் கட்சி.

"வாங்க சார்! நீங்களே சொல்லுங்க. நாலு புஸ்தகம் படிச்சவரு" என்று கடைக்காரர் என்னை இழுத்துவிட்டார்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டுமே படித்தவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பரீட்சைக்குப் பயன்படாத படிப்பு. ஆகையால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி கேட்கத்தான் தெரிந்தது.

"அங்கே போய் என்ன தீர்மானம் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தீர்மானமா? அது அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்றார் லாட்ஜ் முதலாளி.

அந்தச் சமயத்தில் கடைவாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். கிரிவலப் பாதையில் அக்கினி லிங்கத்துக்குப் பக்கத்தில் கூடை வைத்துக் கற்பூரமும் அகல் விளக்கும் விற்கிறவள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு சரக்கு எடுக்க வருவாள். அவளும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாள். பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"வெளிநாட்டுக்குப் போறீங்களாமே அண்ணே? போற எடத்துல எங்களைப் பத்தியும் பேசுவீங்களா? மாசத்துக்கு ஒரு எடத்துல குந்தச் சொல்றாங்க, எங்க குந்தறதுன்னே தெரியல" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் அவளுடைய கற்பூரத்தை நிறுத்துக் கொடுத்தார். அவள் போய்விட்டாள். எனக்கு அதற்குமேல் காப்பி இறங்கவில்லை.

அன்று இரவு, தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால், இதே மாசி மாதத்தில், கடல் கடந்த ஓர் ஊரில் கூடிய தமிழ் வணிகர்களைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்கள் கூடியதற்கும் எங்கள் கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த சரக்குக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சுமத்திரா என்ற பெரிய தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்த சின்னஞ்சிறு கடற்கரை ஊர். அதற்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடைந்த கல்தூண் ஒன்று அகப்பட்டது. அதில் இருந்த எழுத்து தமிழ் எழுத்து, மொழியும் தமிழ் மொழி என்பது பிறகு தெரிய வந்தது. சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதைப் பற்றி எழுதினார். நம் காலத்தில் கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலு அதை மறுபடி நுட்பமாகப் படித்து விளக்கினார். அதில் கண்ட ஆண்டு சகம் 1010. அதாவது கிறிஸ்து சகாப்தம் 1088. மாதம் மாசி.

அந்தக் கல்லை நட்டவர்கள் அரசர்கள் அல்லர். படையெடுத்துச் சென்ற தளபதிகளும் அல்லர். 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட வணிகர்கள். கர்நாடக தேசத்து ஐஹொளே என்னும் ஊரில் தோன்றி, தமிழ்நாட்டில் வேரூன்றி, ஈழத்திலும் கடலுக்கு அப்பாலும் கிளை விட்ட பெரிய வணிகக் குழு அது. ஐந்நூற்றுவர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு உறுப்பினர் ஐந்நூறு பேர்தான் என்று எண்ண வேண்டாம். பெயர் நிலைத்துவிட்டது, கூட்டம் பெருகிக்கொண்டே போயிற்று. அவர்களுக்குச் சொந்தக் காவற்படை இருந்தது. சொந்தக் கட்டுப்பாடு இருந்தது. அரசர்கள் மாறினாலும் அவர்களுடைய வழிகள் மாறுவதில்லை.

அவர்கள் பாருஸில் கூடினார்கள். கல்வெட்டு அந்த ஊரை 'வாரோசு' என்கிறது. ஊரின் துறைமுகப் பகுதிக்கு வேளாபுரம் என்று பெயர். வணிகர்கள் தங்கள் வழக்கப்படி ஊருக்குத் தமிழில் நீளமான பட்டப் பெயர் ஒன்றும் சூட்டி, அதன் கடைசியில் 'பட்டினம்' என்று சேர்த்திருக்கிறார்கள். வெளிநாட்டில் கூடிய தமிழ் வர்த்தக மாநாடு என்று இதைச் சொன்னால் தப்பா? ஊர், மாதம், வருஷம், கூடியவர் யார், செய்த தீர்மானம் என்ன என்பதெல்லாம் கல்லில் பதிவாகியிருக்கின்றன. நம்முடைய சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களில் பாதிக்கு இந்த யோக்கியதை கிடையாது!

சரி, ஏன் பாருஸ்? அந்தக் காலத்தில் கடல் வழியில் அதைவிடப் பெரிய ஊர்கள் இருந்தன. மலாய்க் கரையில் கடாரம் இருந்தது. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய அதே கடாரம். ஈழத்தில் பொலன்னறுவை இருந்தது. பாருஸ் சீனத்துக்குப் போகும் நேர்வழியில் இருக்கும் துறைமுகம் அன்று. மலாக்கா நீரிணைக்கு வெளியே, தீவின் முதுகுப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடப்பது. வசதிக்காக ஒருவனும் அங்கே போகமாட்டான்.

ஆனால் அந்த ஊருக்குப் பின்னால் மலை இருந்தது. மலையில் காடு. காட்டில் கற்பூர மரம்.

இன்று நாம் சூடம் என்று கொளுத்துவது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. பைன் மரத்து டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்வது. சீனத்திலும் ஜப்பானிலும் கிடைத்த கற்பூரம் இன்னொரு ஜாதி மரம். சில்லுகளைக் காய்ச்சி வடித்தெடுப்பார்கள். பாருஸ் கற்பூரம் இவை இரண்டும் அல்ல. மிக உயர்ந்து வளரும் ஒரு காட்டு மரத்தின் உள்ளே, கட்டையின் பிளவுகளில், பளிங்குத் தூள்போல் அது தானாகவே உறைந்து கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் எந்த மரத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாது. மரத்தை வீழ்த்திப் பிளந்து பார்க்க வேண்டும். பல மரங்களில் ஒன்றும் இராது. ஆகையால்தான் அதற்கு அவ்வளவு விலை. மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியில் கற்பூரம் தேடப் போகும் காட்டு மக்கள் வழக்கமான சொற்களைக் காட்டுக்குள் பேசமாட்டார்கள். அதற்கென்று தனிப் பேச்சு வைத்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் கற்பூரம் ஒளிந்துகொள்ளும் என்ற பயம்!

இந்தச் சரக்கு தமிழர்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், மதுரையைப் பற்றிய பகுதியில் கற்பூர வகைகளை வரிசையாகச் சொல்லுகிறார். அந்த வரிசையில் வாரோசும் ஒன்று. ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. மலாய் மொழியிலும் அப்படித்தான். 'காப்பூர் பாருஸ்' என்றால் பாருஸ் கற்பூரம். வேடிக்கை என்னவென்றால், இந்தோனேசியாவில் இன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் துணிப்பெட்டியில் பூச்சிக்குப் போடும் வெள்ளை உருண்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெயர்களுக்கும் முதுமை வரத்தான் செய்கிறது.

ஆக, ஐந்நூற்றுவர் பாருஸைத் தேர்ந்தெடுத்தது அங்கே தொழில் இருந்தபடியால். அது மட்டும்தானா? அவர்கள் செய்த தீர்மானத்தைப் பாருங்கள். அந்தத் துறைக்கு வரும் மரக்கலத்தின் தலைவனும் கப்பலோட்டிகளும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அதைப் பொன்னாகச் செலுத்த வேண்டும். அந்தப் பொன்னின் அளவு கஸ்தூரி விலையை ஒட்டி இருக்க வேண்டும். செலுத்திய பிறகுதான் வரவேற்புக்கு விரித்த பாவாடையில், அதாவது துணியில், கால் வைக்கலாம். எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு! நாட்டுக்கு நாடு நாணயம் வேறு, எடை வேறு. ஆனால் கஸ்தூரிக்கு எங்கும் மதிப்பு உண்டு. ஆகவே கட்டணத்தை அதன் விலையோடு முடிந்துவிட்டார்கள். இன்று உலகச் சந்தை விலையை வைத்து ஒப்பந்தம் எழுதுகிறார்களே, அதே சங்கதிதான்.

என்னைக் கட்டிப்போட்டது இந்தக் கணக்கு அல்ல. அந்தத் தீர்மானத்தை யாரை முன்னிட்டுச் செய்தார்கள் என்று கல் சொல்லுகிறதே, அதுதான். நகரத்துச் சேனாபதியான ஒருவர், குழுவுக்கு வேலை செய்யும் வேறு சில வகுப்பினர் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களை 'நம் மகனார்' என்று அழைக்கிறார்கள். வணிகர்கள் பருவக்காற்று வந்ததும் கப்பலேறிவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் துறையைக் காத்துக்கொண்டு அங்கேயே கிடப்பவர்கள் இந்த மகன்கள்தாம். தீர்மானம் அவர்களைப் பற்றியது. கூட்டமும் அவர்கள் இருந்த ஊரிலே நடந்தது.

மாசி மாதம் என்பதிலும் ஒரு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேல்காற்றில் போய், வாடைக்காற்றில் திரும்புவது கிழக்குக் கடல் பிரயாணத்தின் முறை. மாசியில் வாடை ஓயப் போகிறது. புறப்படுவதற்கு முன் கடைசி வேலையாகக் கல்லை நட்டுவிட்டு வந்தார்களோ என்னவோ! இது என் ஊகம். கதை எழுதுகிறவனுடைய ஊகம். ஆனால் கல்லின் முடிவில் இருப்பது ஊகம் அல்ல. பொன், கஸ்தூரி, கட்டணம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அன்பை மறந்துவிடாதீர்கள், அது ஒன்றே நல்லது என்ற கருத்தோடு கல்லை முடித்திருக்கிறார்கள். கணக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டி வந்து புத்திமதி சொன்னதுபோல் இருக்கிறது.

இது ஏதோ தூர தேசத்தில் ஒரே ஒரு தடவை நேர்ந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு வடக்கே பொன்னேரிப் பக்கத்தில் காட்டூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே உள்ள கல்வெட்டு ஒன்று, இதே குழுவைச் சேர்ந்தவர்கள் மயிலார்ப்பில், அதாவது நம் மயிலாப்பூரில், கூடியதைச் சொல்லுகிறது. காட்டூரை அவர்கள் வீரபட்டினம் ஆக்கினார்கள். குழுவுக்கு அந்த ஊர்வாசிகள் கொடுத்துவந்த பங்குகளை இனிக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. வாளை உருவிக் காட்டிச் சுங்கம் கேட்பவர்கள், ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பவர்கள், மக்களின் சோற்றைப் பறிப்பவர்கள் தங்கள் வணிகக் கூட்டத்தில் எவராயிருந்தாலும் அந்த ஊரில் இனி வசிக்கக் கூடாது என்றும், மீறினால் குழுவுக்குப் புறம்பு என்றும் விதித்தார்கள். சித்தூர்ப் பக்கத்தில் பாசினிகொண்டா என்ற இடத்திலும் 1050-ஆம் ஆண்டில் ஓர் ஊரை இப்படி எறிவீரபட்டினமாக மாற்றிய செய்தி கல்லில் இருக்கிறது.

பிறரைக் கண்டித்துத் தீர்மானம் போடுவது சுலபம். அது எல்லா மாநாட்டிலும் ஏகமனதாக நிறைவேறும். தங்கள் ஆட்களையே கண்டித்துக் கல்லில் வெட்டி வைப்பதற்கு நெஞ்சு வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் கண்ணெதிரே இருந்தால்தான் அந்த நெஞ்சு வரும்.

கண்ணெதிரே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் சரித்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அது அவ்வளவு பழையதும் அன்று.

1930-ஐ ஒட்டிய காலத்தில் பர்மாவில் நகரத்தார்களுக்குச் சுமார் 1,650 லேவாதேவிக் கடைகள் இருந்தன. ஐராவதி நதியின் கழிமுகக் காட்டைத் திருத்தி, அதை உலகத்தின் அரிசிக் களஞ்சியமாக ஆக்கியதில் அவர்கள் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறுப்பவர்கள் சரித்திரத்தை மறுப்பவர்கள். ரங்கூனில் மொகல் தெருவில் அவர்கள் தமிழ் மாதத்துக்கு ஒரு முறை கோயிலில் கூடுவார்கள்; அந்த மாதத்துக்குரிய நடப்பு வட்டியை அங்கே நிர்ணயிப்பார்கள். காகிதமும் கூச்சலும் அதிகம் இல்லாமல், பரஸ்பர நம்பிக்கையிலே நடந்த கூட்டம். ஒழுங்குக்கு அதைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

ஆனால் அது நகரத்தார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கூட்டம். தூரத்துக் கழிமுகத்தில் நெல் விளைத்த பர்மியக் குடியானவன் அங்கே இல்லை. 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. குடியானவனால் கடனைக் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவிகித நிலமே செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அது சுமார் 25 சதவிகிதம் ஆயிற்று. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அன்று. கொடுத்த பணத்துக்குப் பதிலாக வந்து சேர்ந்த நிலம். அவர்களுக்கு வேண்டியிருந்தது வட்டியும் முதலுமே தவிரச் சேறு அல்ல. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? 1938-இல் ரங்கூனில் இந்தியர்களுக்கு விரோதமாகக் கலகம் மூண்டது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே ஓடிவந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு காசு வட்டிக்கு விட்டறியாத கூலிகள்.

இதைச் சொல்வது குற்றம் சாட்ட அல்ல. உலக மந்தத்தை மொகல் தெரு உண்டாக்கவில்லை, யுத்தத்தையும் உண்டாக்கவில்லை. ஆனாலும் என் மனத்தில் ஓர் எண்ணம் போகமாட்டேன் என்கிறது. கழிமுகத்து ஊர் ஒன்றில், நெல் களத்து ஓரத்தில், கடன் வாங்கியவனையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒரு கூட்டம் நடந்திருந்தால்? வட்டி குறைந்திருக்குமோ குறைந்திராதோ; அவன் முகமாவது ஞாபகம் இருந்திருக்கும். வாரோசுக் கல்லின் கடைசி வார்த்தை எதை மறக்கக் கூடாது என்றதோ, அதை மறப்பதற்குக் கெட்ட மனசு வேண்டியதில்லை. கொஞ்சம் தூரம் இருந்தால் போதும்.

எங்கள் ஊரும் ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்தான். கர்நாடகத்தில் துவாரசமுத்திரத்தில் இருந்து ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், தலைநகர் தில்லிப் படைகளால் சூறையாடப்பட்ட பிறகு, 1328-ஐ ஒட்டித் திருவண்ணாமலையில் வந்து கொலுவீற்றிருந்தான். அவனுக்குக் கன்னட நாட்டில் இதைவிடப் பத்திரமான இடம் கிடைத்திராதா? ஆனால் ஆபத்து தெற்கே இருந்தது. மதுரையில் சுல்தான்களின் ஆட்சி எழுந்துகொண்டிருந்தது. எங்கே காரியம் இருந்ததோ அங்கே வந்து உட்கார்ந்தான் அந்தக் கிழ மன்னன். அந்தக் காரியத்திலேயே, 1342-ஐ ஒட்டி, மதுரைப் படையோடு செய்த போரில் அவன் உயிரும் போயிற்று. அவன் முடிவு எவ்வளவு கொடுமையானது என்பதை மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் அவனை மறக்கவில்லை. வல்லாள கோபுரம் இன்றும் நிற்கிறது. பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வருஷந்தோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, தகப்பனுக்குத் திதி கொடுக்கும் மகனாகத் தீர்த்தவாரி செய்கிறார். வசதிக்காக வந்து தங்கியிருந்தால் அவனுக்கு இந்தப் பிள்ளை வாய்த்திருப்பாரா?

வாரோசுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1995 முதல் சில ஆண்டுகள் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆராய்ச்சியாளர்கள் லோபு துவாவைத் தோண்டிப் பார்த்தார்கள். தென்னிந்தியப் பாணி மட்பாண்டங்களும், சீனப் பீங்கானும், மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. 9-ஆம் நூற்றாண்டு முதல் செழித்திருந்த அந்தக் குடியிருப்பு 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வெறிச்சோடிப் போயிற்று என்று தெரிகிறது. அதாவது கல் நட்டு ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் அந்த இடமே கைவிடப்பட்டுவிட்டது. ஊர் போயிற்று, மரக்கலங்கள் போயின, கஸ்தூரி விலை போயிற்று. மாநாடு நடந்த இடத்தின் அழகைப் பற்றி ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. யாரை முன்னிட்டு என்ன முடிவு செய்தார்கள் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மறுநாள் மாலை தேரடி வீதிக்குப் போனேன். ஐவரும் இருந்தார்கள். காகிதமும் இருந்தது. நான் இந்தக் கதையை எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். நாற்பது வருஷமாக விற்கிற சரக்கை அன்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்போல் இருந்தது.

"அப்போ பாருஸுக்கே போயிடலாமா சார்?" என்றார் ஜவுளிக் கடைக்காரர். செல்பேசியில் வழியைத் தேடினார்கள். மேடான் என்ற நகரத்துக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மலைப்பாதையில் நெடுநேரம் காரில் போக வேண்டும் என்று தெரிந்தது. லாட்ஜ் முதலாளி தம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இந்த ஜன்மத்துல ஆவாது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் பாத்திரக் கடைக்காரர்தான் பேசினார். அதுவரை சாம்பாரைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தம்மா கேட்டுச்சே, அதுக்கு நாம பதில் சொல்லலையே" என்றார்.

வெளிநாட்டு மாநாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போகட்டும், நன்றாகப் போய் வரட்டும். கப்பலேறாத வணிகன் தமிழ்நாட்டு வணிகனே அல்லன். நான்கு பெயர்களும் அந்தக் காகிதத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மேலே கடைக்காரர் தம் கையால் புதிதாக ஒரு வரி எழுதினார். மாநாட்டுக்கு முன்னால் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடக்க வேண்டும். அது சங்கக் கட்டடத்தில் அல்ல, கிரிவலப் பாதையில் கூடைக்காரர்கள் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டும். பௌர்ணமி இல்லாத ஒரு நாளில், அவர்கள் வியாபாரம் கெடாதபடி நடக்க வேண்டும். எடுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்று: யார் எங்கே உட்காருவது?

"எடம் குறிச்சாச்சு. அக்கினி லிங்கம்" என்றார் கடைக்காரர்.

தேரடி வீதியிலிருந்து அது நடந்து போகும் தூரம்தான். விமானச் சீட்டு வேண்டியதில்லை. நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.